தேனுஜன் சேரின் மெயில் பெட்டி

தேனுஜன்: ...இல்லை மிஸ், நாலாந்தரமும் திரும்பிப் போச்சுதாம். கல்வித் திணைக்களத்து மிஸ் இப்பத்தான் ஃபோனில கத்திப்போட்டு வைச்சவ.

ஷிராணி: சேர், மொதல்ல உக்காருங்க. குறுக்கும் மறுக்கும் நடந்தா எனக்கு தலை சுத்துது. என்ன சொன்னாங்க?

தேனுஜன்: "உங்கட யாழ்ப்பாண மாற்றக் கடிதத்தை அனுப்புறன், உங்கட பயிற்சி நிலையத்து ஈமெயில் திருப்பித் துப்புது" எண்டா. இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு முதல் நான் சம்மதம் எண்டு பதில் போடோணும். இல்லாட்டி இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்.

ஷிராணி: இப்பவே பத்தே கால். ஜிமெயிலுக்கு அனுப்ப சொல்றதுதானே?

தேனுஜன்: கேட்டனான். நிலையத்து விலாசம்தான் வேணுமாம்.

ஷிராணி: ம்... நாலு வருசமா ஹட்டன் குளிருன்னு புலம்புனீங்க. ஒருவழியா ஊருக்கு கெளம்பிட்டீங்க.

தேனுஜன்: கிளம்பிறன் எண்டு... சரி, அதை விடுங்கோ. மிசினைப் பாருங்கோ.

ஷிராணி: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்தா, சேர்வரோட பதிவு. உங்க பேருக்கு வந்த மெயில் எல்லாத்துக்கும் ஒரே எரர். "பெர்மிஷன் டினைட்."

தேனுஜன்: அப்பிடியெண்டா?

ஷிராணி: மெயில் வாசல் வரைக்கும் வந்திருக்கு. உங்க பெட்டிக்குள்ள வைக்க போனா கதவு சாத்தியிருக்கு. அதான் திரும்பிருச்சு.

தேனுஜன்: என்ர பெட்டி மட்டுமோ?

ஷிராணி: ...உங்களது மட்டும்தான்.

தேனுஜன்: அதென்ன அந்தக் கரையில சைபர் சைபர் சைபர் எண்டு கிடக்கு?

ஷிராணி: அதுதான் அனுமதி. வாசிக்க நாலு, எழுத ரெண்டு, உள்ள போக ஒண்ணு. கூட்டினா...

தேனுஜன்: ஏழு.

ஷிராணி: கணக்கு வாத்தியாருக்கு சொல்லவா வேணும்! மொத இலக்கம் சொந்தக்காரருக்கு. எழுநூறு இருந்தா அவருக்கு எல்லா அனுமதியும் இருக்கு, மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு மூணும் சைபர். அதாவது சேர், உங்க பெட்டிக்குள்ள நீங்களே போக முடியாது.

தேனுஜன்: ஐயோ, இதென்ன கூத்து? ஆர் செய்தது?

ஷிராணி: யாரு செய்யப் போறா... நேத்து மழைக்கு கரண்டு போயி போயி வந்துச்சுல்ல. அதுல ஏதாவது ஆயிருக்கும். இருங்க, எழுநூறு குடுத்துட்டேன். இப்ப நான் ஒரு டெஸ்ட் மெயில் போடுறேன். வந்துச்சா?

தேனுஜன்: பொறுங்கோ... ஓம், வந்திட்டுது. "சாப்டீங்களா சேர்" எண்டு கிடக்கு.

ஷிராணி: சாப்டீங்களா?

தேனுஜன்: இல்லை.

ஷிராணி: தெரியும். சரி, திணைக்களத்துக்கு ஃபோன் எடுங்க. மறுபடி அனுப்ப சொல்லுங்க.

தேனுஜன்: இப்பவே எடுக்கோணுமே? கொஞ்சம் ஆறுதலா...

ஷிராணி: உங்க மாற்றமா, என் மாற்றமா சேர்?

தேனுஜன்: எடுக்கிறன், எடுக்கிறன். நம்பர் எங்கையோ எழுதி வைச்சனான்... கண்ணாடியை எங்கை வைச்சன்...

ஷிராணி: மூக்கு மேல.

தேனுஜன்: ஓ... ஹலோ மிஸ்? ஆயெத் எவன்ன மிஸ்... ஹரி, ஹரி... திரும்ப அனுப்பிப்போட்டுச் சொல்லுறாவாம்.

ஷிராணி: வந்துச்சா?

தேனுஜன்: இல்லை... ஐயோ, அவ திரும்ப எடுக்கிறா. ஹலோ? ...ஆ? ...மிஸ், அஞ்சாந்தரமும் திரும்பிப் போச்சுதாம்!

ஷிராணி: ஆங்... மறுபடி சைபர் ஆயிருச்சு.

தேனுஜன்: இப்பத்தானே எழுநூறு போட்டனீங்கள்! எனக்கு முன்னாலதானே போட்டனீங்கள்!

ஷிராணி: ஆமா... அதான் எனக்கும்... ஒண்ணும் புரியல.

தேனுஜன்: திரும்பப் போடுங்கோ. நான் இதைப் பாத்துக்கொண்டே இருக்கிறன்.

ஷிராணி: போட்டாச்சு. நீங்க போயி கென்டீன்ல ஒரு ரொட்டியாவது சாப்புட்டு வாங்களேன்.

தேனுஜன்: வேண்டாம். கண் வெட்டாமல் பாக்கிறன்... எழுநூறு... எழுநூறு... மிஸ்! சைபர்!

ஷிராணி: கத்தாதீங்க சேர், பக்கத்துல வகுப்பு நடக்குது.

தேனுஜன்: பத்து ஐம்பது. சரியா பத்து ஐம்பது. முந்தி எத்தினை மணிக்குப் பூட்டினது? அந்தப் பதிவில இருக்குமே... பத்து முப்பது. பத்து நாப்பது. மிஸ், கரண்டும் மழையும் பத்து நிமிசத்துக்கொருக்கா மணி பாத்து வருமோ?

ஷிராணி: அது... பெரட்டா இருக்கும்.

தேனுஜன்: பெரட்டோ? தேயிலைத் தோட்டத்தில காலமை பேர் கூப்பிடுறது எல்லோ அது?

ஷிராணி: அதேதான். இங்க ஆளாளுக்கு ஃபோல்டர தொறந்து போட்டுட்டு போயிருவாங்க. அதுக்காக நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வச்சேன். பத்து நிமிசத்துக்கு ஒருக்கா அது ஒரு பட்டியல எடுத்து பேர் கூப்பிடும். பேர் இருந்தா எழுநூறு. இல்லாட்டி சைபர். எங்கப்பா தோட்டத்துல பேர் எழுதுற கண்டாக்கு ஐயாக்கிட்ட லேட்டா போயி பேரு விட்டுப்போன கதை அம்புட்டு கேட்டிருக்கேன். அதுல வந்த யோசனை.

தேனுஜன்: அப்ப அந்தப் பட்டியலில என்ர பேர்...?

ஷிராணி: பாக்குறேன்... இல்ல.

தேனுஜன்: ஏன் இல்லை? நாலு வருசமா இருந்ததெல்லோ?

ஷிராணி: சேர், உங்க ஃபோன் அடிக்குது.

தேனுஜன்: அம்மா... ஓம் அம்மா, பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். மிசின் பழுது... ஓம், ஷிராணி மிஸ்தான் பாக்கிறா... இல்லை, கெட்டிக்காரிதான் அம்மா, மிசின்தான்... ஐயோ, அழாதேங்கோ. நான் பிறகு எடுக்கிறன்.

ஷிராணி: அம்மா ஏன் அழுறாங்க?

தேனுஜன்: அவவுக்கு மூண்டு பிள்ளையள், சுத்திவரச் சொந்தம். ஆனா அழுகைக்குக் குறைவில்லை. எனக்கு... ஒரு சம்பந்தம் பேசி வைச்சிருக்கினம். நான் ஊரோட வந்தாத்தான் பொம்பிளை வீட்டார் சம்மதமாம்.

ஷிராணி: சொல்லவேயில்லையே நீங்க.

தேனுஜன்: சொல்லுறதுக்கு என்ன கிடக்கு.

ஷிராணி: பொண்ணு என்ன செய்றாங்க?

தேனுஜன்: பாங்கில வேலையாம்.

ஷிராணி: நல்லது... நல்லது சேர். இருங்க. என்னால ஒரு கல்யாணம் நிக்கக்கூடாது. இந்தா, பட்டியல்ல உங்க பேர எழுதிட்டேன். பெட்டிக்கும் எழுநூறு குடுத்துட்டேன். இனி பூட்டாது. திணைக்களத்துக்கு எடுங்க.

தேனுஜன்: இப்பவே...?

ஷிராணி: எடுங்க!

தேனுஜன்: ஏன் ஏசுறியள்? எடுக்கிறன்தானே... ஹலோ மிஸ்... ஓம், இன்னொருக்கா... ஸ்தூத்தி, நன்றி மிஸ்.

ஷிராணி: பதினொண்ணு பதினேழு. வந்துருச்சு! பதிவுல "சேர்த்தாச்சு"ன்னு இருக்கு. தொறந்து பாருங்க.

தேனுஜன்: ஒண்டுமில்லை.

ஷிராணி: என்னது?

தேனுஜன்: பெட்டியில உங்கட "சாப்டீங்களா சேர்" மட்டும்தான் கிடக்கு.

ஷிராணி: எங்க, நகருங்க... அடக் கடவுளே. சேர்த்தாச்சுன்னு சொல்லுது, காணோமே!

தேனுஜன்: அதுதானே... விளங்கேல்லை.

ஷிராணி: இப்ப எனக்கு நெசமாவே விளங்கல சேர்!

தேனுஜன்: அப்ப முந்தி?

ஷிராணி: முந்தி... முந்தியும்தான். குப்பையில பாத்தீங்களா? ஸ்பேம்ல?

தேனுஜன்: அங்கையும் இல்லை. மிஸ், விடுங்கோ. நீங்கள் ஏலுமானதைச் செய்திட்டியள். நான் அம்மாவிட்டைச் சொல்லுறன், மிசின்...

ஷிராணி: விடுறதா? பதினொண்ணரைகூட ஆகல. என் டெஸ்ட் மெயில் வருது. அவங்களது மட்டும் உள்ள வந்து காணாம போகுது. அப்ப உள்ளதான் யாரோ திங்கிறாங்க. உங்க ஃபோல்டருக்குள்ள போயி பாக்குறேன்.

தேனுஜன்: அதுக்குள்ள என்ன இருக்கப்போகுது...

ஷிராணி: இதென்ன ஃபைல்? ஃபில்டர். செவ்வாக்கிழம எழுதியிருக்கு. அறுநூறு. சொந்தக்காரர் மட்டும் வாசிக்கலாம், எழுதலாம்.

தேனுஜன்: அதைத் திறக்காதேங்கோ மிஸ்.

ஷிராணி: ஏன்?

தேனுஜன்: அது... சொந்த விசயம்.

ஷிராணி: சேர், நான் இந்த மிசினுக்கு ரூட். எனக்கு எல்லாம் தொறக்கும். "திணைக்கள விலாசத்துல இருந்து எது வந்தாலும்... அழித்துவிடு." இது நீங்க எழுதினதா?

தேனுஜன்: போன வருசப் பயிற்சியில நீங்கள் படிப்பிச்சதுதான்.

ஷிராணி: என் தலையில நானே மண்ண அள்ளி போட்டுக்கிட்டேனா! காலையில இருந்து என்னைய லோலோன்னு அலைய விட்டு... ஏன் சேர்? ஏன்?

தேனுஜன்: மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை மிஸ். கடிதம் சத்தமில்லாமல் வந்து அழிஞ்சுபோகும், பன்னிரண்டு மணி தாண்டும், இடம் போயிடும். அம்மா மிசினைத் திட்டிப்போட்டு விட்டிடுவா எண்டு நினைச்சன்.

ஷிராணி: அந்த மிசின பாத்துக்கிறது நான்! அவங்க என்னையத்தான் திட்டுவாங்க. ஒரு பொண்ணு வேற காத்துக்கிட்டு இருக்கு அங்க. வேணாம்னா வேணாம்னு சொல்ற தைரியம் இல்லையா உங்களுக்கு?

தேனுஜன்: இல்லை. உண்மையாவே இல்லை.

ஷிராணி: அழிங்க அந்த ஃபில்டர. உங்க கையால. அழிச்சாச்சா? இப்ப திணைக்களத்துக்கு எடுங்க.

தேனுஜன்: அவ என்னைக் கொல்லப்போறா... ஹலோ மிஸ்... ஓம், நான்தான்... அந்திம வதாவட்ட. கடைசித் தரம், சத்தியமா... மிஸ், வந்திட்டுது. கடிதம் வந்திட்டுது.

ஷிராணி: பதினொண்ணு நாப்பத்தி ஆறு. போறதுன்னா சம்மதம்னு எழுதுங்க. இல்லாட்டி இல்லன்னு எழுதுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

தேனுஜன்: எழுதுறன், திரும்பாதேங்கோ.

ஷிராணி: எழுதிட்டீங்களா?

தேனுஜன்: அனுப்பியும் போட்டன். "இடமாற்றம் வேண்டாம். ஹட்டனிலேயே தொடர விரும்புகிறேன்."

ஷிராணி: ...அம்மாவுக்கு யாரு சொல்றது?

தேனுஜன்: நான்தான். ஹலோ, அம்மா... மிசின் நல்லா இருக்குது. கடிதம் வந்தது. நான்தான் வரேல்லை எண்டு எழுதினனான்... அம்மா, கேளுங்கோ... ஓம், சம்பந்தமும் வேண்டாம்... இல்லை, குளிர் பழகிட்டுது... இஞ்சை ஆரும் இருக்கினமோ எண்டோ? ...ஓம். ஒரு பொம்பிளைப் பிள்ளைதான்... பக்கத்தில நிக்கிறா, பிறகு சொல்லுறன். அழாதேங்கோ. வைக்கிறன்.

ஷிராணி: பக்கத்துல நிக்கிறது நான்தானே சேர்?

தேனுஜன்: வேற ஆர்? இப்ப நான் ஒண்டு கேக்கிறன். என்ர ஃபில்டர் கடிதம் உள்ளுக்கு வந்தாப் பிறகுதான் அழிக்கும். காலமை முழுக்க அது உள்ளுக்கே வரேல்லை. வந்திருந்தா அந்த மிஸ் ஃபோன் எடுத்திருக்கமாட்டா, எல்லாம் சத்தமில்லாமல் முடிஞ்சிருக்கும். பெரட்டுப் பட்டியலில இருந்து என்ர பேரை வெட்டினது ஆர் மிஸ்?

ஷிராணி: நான்தான் சேர். செவ்வாக்கிழம மாற்றம் வருதுன்னு நீங்க சொல்லிட்டு போனதும் ஒக்காந்து அழுதுட்டு வெட்டினேன்... நீங்களே போக மாட்டீங்கன்னு எனக்கு யாரு சொன்னா?