சுருளின் முதல் மூன்று பெயர்கள்

அவைக்குத் தலைமை ஏற்ற நகர்மன்றத் தலைவர் அவர்களே, தகிசே மற்போர்ப் பாணியின் மூத்தோரே, பிள்ளைகளின் சுளுக்குக்கு ஒத்தடம் கொடுத்தே கை சிவந்த தாய்மார்களே, இந்தப் பாய்களில் விழுந்து விழுந்தே வளர்ந்தவர்களே, வணக்கம்.

புகழ்ந்து பேசப் பழகாத வரலாற்றுக்காரி நான். இந்த ஜூஜுட்சு பாணியின் பரம்பரைச் சுருளைச் சோதிக்கச் சொல்லி என்னிடம் தந்தவர் இப்பாணியின் தலைவர் தொகாஷி ஐயாதான். அடுத்த தலைவராக இன்று பொறுப்பேற்க வேண்டிய சவாக்கோ அம்மையார் அதில் விரல் ரத்தம் பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால் பரம்பரை அத்தோடு முடிந்தது.

சுருள் என்ன சொல்கிறது? முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், மலைக்கோயிலில் ஒரு சாமுராய்க்குக் கனவில் வந்த கலை என்கிறது. நான் என்ன கண்டேன்? முதல் மூன்று தலைவர்களின் பெயர்களும் ஒரே கை, ஒரே மை. எழுதியவர் நான்காமவரான ஒகிமுரா தசுகே. சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், சாமுராய்கள் வாளைக் களைந்த காலத்தில் இவ்வூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டவர்.

தொகாஷி ஐயாவிடம் சொன்னேன். சவாக்கோவும் உடனிருந்தார்.

"அப்போ அந்த மூணு பேரும் இல்லவே இல்லையா, பேராசிரியரம்மா? தினமும் சோறும் சாகேயும் படைச்சேனே, யாரு குடிச்சா?"

"நீங்கதான் குடிச்சீங்க, ஐயா," என்றார் சவாக்கோ.

சிரிக்கிறீர்கள். தொகாஷி ஐயா சிரிக்கவில்லை.

"சுருள்ல மூணு பேரை வெட்டினா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்மா. பேசாம விரலை வை."

"மாட்டேன் ஐயா. பொய்னு தெரிஞ்சப்புறம் அதுக்குக் கீழ என் ரத்தம் எதுக்கு?"

பின்வரிசையில் ஒருவர் என்னை இறங்கச் சொல்கிறார். இறங்குகிறேன் ஐயா, இன்னும் ஒரே ஒரு சான்று.

சுருளில் இருபத்தொரு பிடிகள். ஒவ்வொரு பிடியின் கீழும், பிசகிய மூட்டைத் திரும்பப் பொருத்தும் முறை. எந்தப் போர்க்களத்தில் எதிரியின் தோளை ஏற்றிவிட்டார்கள்? எந்தக் கனவு கட்டுப்போடக் கற்றுத்தந்தது? வீழ்த்தியவனே தூக்கு, பிசகவைத்தவனே பொருத்து என்று எழுத ஒரு வைத்தியருக்குத்தான் தோன்றும். வம்சத்தைப் பொய்யாக எழுதியவர், வைத்தியத்தை மெய்யாக எழுதினார். இதற்கு மேல் நான் சான்றளிக்க மாட்டேன். இதற்குக் குறைத்தும் சொல்ல மாட்டேன்.

இதைப் படித்துக் காட்டியதும் தொகாஷி ஐயா எழுந்துபோய் மை அரைத்தார்.

பழைய சுருள் ஓரெழுத்தும் அழியாமல் மாடத்திலேயே இருக்கிறது. இன்று காலை அவர் எழுதி முடித்த புதிய சுருள் இதோ. முதல் பெயர் ஒகிமுரா தசுகே. நேற்றுவரை ஒன்பதாம் தலைவராக இருந்தவர் இதில் ஆறாமவர். தம்மைத் தாமே மூன்று படி இறக்கிக்கொண்ட தலைவரை நான் எந்த ஆவணத்திலும் கண்டதில்லை. இங்கே கண்டேன்!

பொறுமையுடன் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். சவாக்கோ அம்மையாரே, ஏழாம் இடம் காலியாக இருக்கிறது. மேடைக்கு வாருங்கள்.