இரண்டாவது துளை

கதவோரம் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரட்டும். அப்புறம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தால் எனக்குக் கதை சொல்ல ஓடாது. நம் அஸ்கத் இருக்கிறானே, அவனுடைய அக்கா புருஷன் தெமிருக்கு நடந்தது இது. அஸ்கத் வாயைத் திறந்தால் பாதி பொய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொன்ன அன்று அவன் குடித்திருக்கவில்லை.

டிசம்பர் மாதம். மாலை நாலே முக்கால். நம் பிஷ்கெக் நகரத்தின் வடக்குக் கோடியில், கடைசி நிறுத்தத்தில் தெமிரை இறக்கிவிட்டு மினிவேன் திரும்பிப் போய்விட்டது. மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் சுவரை ஒட்டிப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். நிலக்கரிப் புகை தரையோடு தரையாகக் கிடந்தது... எதிரே ஆள் இல்லை. நாய்கூட இல்லை. பனியில் அவனுடைய பூட்ஸ் மட்டும்... கறுக்... கறுக்.

எதற்கு இந்த நடை? ஒரு பெட்டிக்காக.

தெமிரும் அவன் மனைவி நூர்ஸாத்தும் கல்யாண வீடுகளில் பாடுகிறவர்கள். அவள் பாட்டு, அவன் கோமுஸ். மூன்று தந்திதான், ஆனால் அவன் கையில் முப்பது தந்தி பேசும். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சாமான் அறையைக் காலி செய்தான். சுவர், கூரை, கதவு, ஓர் அங்குலம் விடாமல் தடித்த கம்பளத்தை வைத்து ஆணி அறைந்தான். கதவின் உள்பக்கக் கைப்பிடி, தந்தியை மீட்டும்போதெல்லாம் கிர்ர்... என்று அதிர்ந்தது. அதையும் கழற்றி எறிந்தான். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு மரச்சக்கை. மின்விளக்குகூட இரைகிறது என்று, வெளியே சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். பக்கத்து வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் சுவரை இடிக்கிற ஆள். "இனிமே உள்ள கொலையே விழுந்தாலும் அந்தாளுக்குக் கேக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஆணி அடித்தானாம்.

பாக்கி இருந்தது ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கிலிருந்து வருகிற சத்தத்தைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி. மூன்று வாரம் தேடினான். பெண் பார்க்கக்கூட அவன் அத்தனை நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

"எத்தன துளை வேணும் மாமா?" என்று அஸ்கத் கேட்டிருக்கிறான்.

"ரெண்டு. மைக்குக்கு ஒண்ணு, கோமுஸுக்கு ஒண்ணு."

"அப்ப கடையில இருக்கற சின்னதையே வாங்கித் தொலைங்களேன். ஊருல எல்லாரும் அதுலதான் பதிவு பண்றான்."

"அது இரையுதுடா. கூட்டி வச்சா உஸ்ஸுங்குது. நான் வாசிக்காதப்ப ஒண்ணுமே கேக்கக் கூடாது எனக்கு. சுத்தமா ஒண்ணுமே."

அப்போதுதான் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மகனுடைய பெட்டி, இரண்டு துளை, இரைச்சல் கிடையாது.

அந்தத் தொழிற்சாலைச் சுவரைத் தாண்டிய வீட்டில் கதவைத் திறந்தவள் புரூல் என்கிற அறுபது வயது அம்மாள். பெட்டியை மேசையில் வைத்தாள். தெமிர் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கூட்டும் இரண்டு திருகையும் கடைசிவரை திருப்பினான். ஒன்றுமில்லை. உஸ் இல்லை, கிர் இல்லை. தன் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். முதல் துளையில் தன் மைக்கைச் சொருகிக் கைதட்டியதும் அதன் மேலிருந்த விளக்கு பச்சையாக மின்னியது. இரண்டாவது விளக்கு இருட்டாகவே இருந்தது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டான். இதுதான்.

"உலானோடது," என்றாள் புரூல். "வடக்க மீன் குளிர்கிடங்குல வேலைக்குப் போனான். மூணு வருஷம் ஆச்சு. போன் வந்து ஒன்றரை வருஷம். ஏம்மா வித்தேன்னு வந்து திட்டுவான். திட்டட்டும்... வந்து திட்டட்டும்."

ஐந்தரைக்குக் கடைசி வேன். தெமிர் எழுந்தான்.

"டீயாவது குடிச்சிட்டுப் போப்பா."

"நேரமில்லக்கா."

"அப்ப ரொட்டி ஒரு வாய் போட்டுக்கோ. வெறும் வாயோட வாசல் தாண்டக் கூடாது. இரு, இதோட ஒயரு எங்கயோ வச்சேன்..." என்று உள்ளறைக்குப் போனாள்.

ரொட்டி எங்கே? மேசையில் இல்லை. கதவருகே ஆணியில் ஒரு துணிமுடிப்புத் தொங்கியது. பிரித்தால், கருஞ்சீரகம் தூவிய வட்ட ரொட்டி. அவசரத்தில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டான். கல்! அவனுடைய முன்பல் ஒன்றில் பாதியைச் சின்ன வயதிலேயே ஒரு குதிரை உதைத்து உடைத்திருந்தது. கடைவாய்க்குத் தள்ளிக் கடித்தான். அப்போதுதான் பார்த்தான்... அவன் பிய்த்ததற்குப் பக்கத்தில், ரொட்டியில் ஏற்கெனவே ஒரு கடி.

நம் வீடுகளில் யாருக்குத் தெரியாது இது? தூரதேசம் போகிறவன் ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சம் சுவரில் தொங்கும், வந்து தின்று முடிக்கும்வரை. அந்த ரொட்டிதான் அவனை வீட்டுக்கு இழுக்கும் கயிறு. பெற்ற தாய்கூட அதில் கை வைக்க மாட்டாள்.

துப்பலாம் என்றால், ரொட்டியைத் துப்புவதா? விழுங்கினான். அப்போதாவது சொல்லியிருக்கலாம் அந்த மடையன். சொல்லவில்லை. பிய்த்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, துணியை முன்போலவே முடிந்து வைத்தான். ஒயரை வாங்கிக்கொண்டு ஓடினான்.

மறுநாள். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? பட்டப்பகல் பன்னிரண்டு மணி. காலையில் பல் விளக்கியதோடு சரி, தெமிர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அத்தனை அவசரம். நூர்ஸாத் சந்தைக்குக் கிளம்பினாள். "வெளிய பூட்டிட்டுப் போறேன். நீங்க உள்ள போனா திருடன் வந்து வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது உங்களுக்கு."

கணினி வெளியே. பெட்டியும் மைக்கும் கோமுஸும் உள்ளே. விளக்கை அணைத்தான், பதிவை ஓடவிட்டான், உள்ளே நுழைந்து கதவைச் சக்கைவரை இழுத்தான். மைக்கை முதல் துளையில் சொருகினான். இரண்டாவது காலி. ஹெட்ஃபோனை மாட்டினான். சுத்தமான அமைதி...

டொக்.

கோமுஸை இன்னும் தொடவில்லை.

டொக்... டொக். இரும்பின்மேல் முஷ்டியால் தட்டுகிற சத்தம். ஹெட்ஃபோனைக் கழற்றினான், இல்லை. மாட்டினான், டொக். பெட்டியைப் பார்த்தான். ஒன்றுமே சொருகாத இரண்டாவது துளையின் விளக்கு பச்சையாக மின்னியது. திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினான். சத்தம் குறையவில்லை. கூடவே மூச்சு... அப்புறம் ஒரு வாடை. உறைந்த மீன் வாடை.

போதும் என்று ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எழுந்தான். கால் பட்டுச் சக்கை நகர்ந்தது... கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது.

கைப்பிடியைத் தேடினான். கம்பளம். எங்கே தொட்டாலும் கம்பளம். கத்தினான், அந்தக் கத்தல் அவன் காதுக்கே சரியாக எட்டவில்லை. எல்லாம் தன் கையால் அறைந்த ஆணி. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சுவரை இடிக்க மாட்டாரா என்று ஏங்கினானாம். முஷ்டியால் கதவைக் குத்தினான். ஒன்று... அப்புறம் இரண்டு. இரும்பில் கேட்ட அதே தாளம் என்று அப்போதுதான் உறைத்தது.

கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனில் இளசான ஒரு குரல். "வழி தெரியல... இங்கயா?"

தெமிர் பின்னால் நகர்ந்து கம்பளத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டான்.

"இங்கயா இருக்கு... என் ரொட்டி?"

பயத்தில் அழுதேவிட்டான். "நாந்தான் தின்னேன், தம்பி. தெரியாமத் தின்னுட்டேன். உன் அம்மாகிட்ட போய்ச் சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன். என்னை விட்டுடு."

பச்சை விளக்கு அணைந்தது. முதல் துளையின் விளக்கும் கூடவே அணைந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. பத்து நிமிடம் இருக்கும் என்று நினைத்தான்.

நூர்ஸாத் கதவைத் திறந்தபோது மணி மூன்று. முகம் வெளுத்துக் கிடந்தான். தாடை விண்விண்ணென்று வலித்தது. கத்தியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கணினி இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. இருவரும் கேட்டார்கள். முதல் துளை... மூன்று மணி நேரமும் வெறுமை. அவன் கத்தல் இல்லை, அழுகை இல்லை, மூச்சுகூட இல்லை.

இரண்டாவது துளையில் மட்டும் ஏதோ இருந்தது. நூர்ஸாத் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்னங்க இது... யாரோ எதையோ மெல்லுற மாதிரி இருக்கு. ரொம்பக் கெட்டியா எதையோ."

பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அப்படியே கிளம்பினான் தெமிர். அதே வேன், அதே சுவர், அதே புகை. சொல்லிவிட வேண்டும். ஒரு வாக்கியம்தான். உங்கள் மகனுடைய ரொட்டியை நான் தின்றுவிட்டேன், அவன் இனி வரமாட்டான். வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

தட்டுவதற்குள் கதவு திறந்தது. புரூலுக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

"வாப்பா, வா! என் புள்ள வந்துட்டான்! இன்னைக்கு மத்தியானம், பன்னெண்டு மணி தாண்டி. பழைய ரொட்டிய ஒரு பொடி விடாமத் தின்னு முடிச்சான். 'யாரும்மா இதுல பிச்சது'ன்னான். எலியா இருக்கும்டான்னேன். சிரிச்சான்!"

தெமிர் அவள் தோளுக்கு மேலே உள்ளே எட்டிப் பார்த்தான். "முகத்தப் பாத்தீங்களாக்கா?"

"தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டு அந்தப் பக்கமாவே திரும்பி உக்காந்திருந்தான். போன் பண்ணாத வெக்கம். என் புள்ளைய முகத்தப் பாத்தாத்தான் எனக்குத் தெரியணுமா? மூணு மணிக்கு அவசரமாக் கிளம்பிட்டான். ஆனா திரும்பி வருவான், எனக்குப் பயமில்ல."

சொல்ல வாயெடுத்தவனுக்குச் சொல்ல முடியவில்லை. சொன்னால் இவள் செத்துவிடுவாள். சொல்லாவிட்டால் அந்தக் கம்பள அறை. நடுவில் நின்றான்.

"பாரு, கடிச்சு வச்சிட்டுத்தான் போயிருக்கான்." ஆணியில் இருந்த புது முடிப்பைப் பிரித்துக் காட்டினாள். இன்று சுட்ட மெத்தென்ற ரொட்டி. ஒரே ஒரு கடி. கடித்த இடத்தின் நடுவில், ஒரு முன்பல் பாதிதான் பதிந்திருந்தது.

தெமிரின் நாக்கு தானாக உடைந்த பல்லுக்குப் போயிற்று. அங்கே, இடுக்கில்... ஒரு கருஞ்சீரகம்.