முதல் ஓட்டம்

உங்கள் பொலிஸ் நிலையத் தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது ஐயா, ஆனாலும் பரவாயில்லை. சூடாக இருக்கிறதே, அதுவே போதும். கோப்பையைப் பிடித்திருக்கும்போது விரல்களுக்கு இதமாக இருக்கிறது.

ஆரையம்பதியில் அழகரத்தினத்தின் கராஜ் எங்கே என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பழைய டீசல் லொறி என்றால் என்னிடம்தான் வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். காத்தான்குடி பதியுதீன் ஹாஜியாரின் லொறியும் அப்படி வந்ததுதான். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து நெல் ஏற்றுகிற லொறி. மேடு ஏற மூச்சு வாங்குகிறது, கறுப்புப் புகை தள்ளுகிறது என்று கொண்டுவந்து விட்டார். பார்த்தேன், டேர்போவின் கூடு வெடித்திருந்தது.

டேர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிக் கொடுக்கிற சாமான். எரிந்த புகையின் வேகத்தில் சுழலும். புகை பாயும் பக்கத்துக் கூடு வார்ப்பிரும்பு, பாரம் இழுக்கும்போது தணல் போலச் சிவந்துவிடும். இந்தப் பழைய லொறிக்குப் புதுக்கூடு எங்கே கிடைக்கும்? ஹாஜியார் கொழும்பெல்லாம் அலைந்து, வேறொரு லொறியில் கழற்றிய கூடு ஒன்றை எடுத்து வந்தார். குழந்தைப்பிள்ளையைக் கொடுப்பது போல என் கையில் கொடுத்தார்.

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. நான் தொடங்கி வைத்தது. எஞ்சினில் கை வைத்தவன்தான் முதல் ஓட்டத்தில் சாரதிக்குப் பக்கத்தில் ஏற வேண்டும். அந்த லொறியில் எஞ்சின் இரண்டு இருக்கைக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். வித்தியாசமாகச் சத்தமோ மணமோ வந்தால், பக்கத்தில் இருப்பவன் மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பான். "நீங்க ஏறினாத்தான் அழகரத்தினம் எனக்கு மனசு ஆறும்" என்று ஹாஜியார் சொல்வார். அவர் நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை என் கையில்தான் இருந்தது. கொஞ்ச நாளாக வலக்கை விரல்கள் மரத்துப்போகின்றன, சில வேளை நடுங்குகின்றன. வதனிக்குக்கூடத் தெரியாது. என் மனைவிக்கே சொல்லாததை ஊருக்கா சொல்வேன்? மெக்கானிக்குக்குக் கை போய்விட்டது என்று ஒருவன் வாய் திறந்தால் போதும், கராஜ் வாசலில் ஆடுதான் படுக்கும். இரவில் அதே நினைப்புத்தான். விரல்களைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பேன்.

கூட்டைப் பூட்டத் தூக்கினேன். கை விட்டுவிட்டது. சீமெந்துத் தரையில் விழுந்தது. மதுஷன் பார்த்துவிட்டான்.

மதுஷன் வதனியின் தம்பி, என்னோடு வேலை செய்கிறவன். கலியாணம் முடித்தவன், ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறாள். ஓடி வந்தவன் கூட்டைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பிடித்துப் பார்த்தான்.

"அத்தான், கை இப்பிடி நடுங்குதே. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஒண்டுமில்ல, எண்ணெய் வழுக்கினது."

"எனக்குத் தெரியும் அத்தான், கொஞ்ச நாளாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். பயப்பிடாதீங்க, ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன். கூடு உடையேல்லயே?"

"இல்லடா. நீ போய்ச் சாப்பிட்டு வா."

ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் உண்மையான பயம் வந்தது. சொல்லமாட்டேன் என்கிறவன் சொல்ல ஏதோ வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம். பாசம் மிஞ்சினால் அக்காவிடம் சொல்லுவான். அக்கா அயலுக்குச் சொல்லுவாள்.

அவன் போன பிறகு கூட்டைத் துடைத்துப் பார்த்தேன். விளிம்போரம் மயிரளவு வெடிப்பு. வெல்டிங் வைத்து, அரத்தால் தேய்த்து, வெள்ளிப் பெயின்ற் அடித்தேன். வார்ப்பிரும்புக்கு அந்த வெல்டிங் நிற்காது என்று எனக்குத் தெரியாதா? சூடேறினால் விட்டுவிடும். பக்கத்திலேயே ஒயில் போகும் குழாய், அந்தச் சூட்டில் ஒயில் பட்டால் நெருப்புத்தான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்டி முடிந்தது. எஞ்சின் அழகாகப் பிடித்தது. சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தி, எல்லாம் முறைப்படி செய்தோம். சாரதி திவாகரன் ஏறிவிட்டான். ஹாஜியார் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்துக் கதவில் கை வைத்தேன். அந்த இருக்கையில் இருந்தால் எனக்கு என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டது போலத் தெரிந்தது. எனக்கும் குடும்பம் இருக்கிறது. சாக யாருக்குத்தான் விருப்பம்?

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மதுஷன், எனக்கு ஏலாம இருக்கு, நீ ஏறு" என்றேன். அவனும் கை வைத்த வேலைதானே, வழக்கத்தை நான் மீறவில்லை. அவன் ஒரு சொல் கேட்கவில்லை. "நீங்க படுங்க அத்தான், நான் பாத்துக்கொண்டு வாறன்" என்று ஏறிக்கொண்டான்.

அவர்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் நெல்லேற்றித் திரும்பினார்கள். பாரத்தோடு ஓட்டிப் பார்க்கச் சொன்னதும் நான்தான். கராஜுக்குள் இருந்தேன். வீதியில் வாகனச் சத்தம் கேட்டால் எழும்பி வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன்.

பிறகு தொலைபேசி அடித்தது. வாவியைக் கடக்கிற மண்முனைப் பாலத்தில் ஏறுகிறோம் என்றான் மதுஷன்.

"அத்தான், ஒயில் எரியிற மணம் வருது. புகையும் வருது. ஓரமா நிப்பாட்டி இறங்கட்டா, இல்லாட்டி மூடியத் தூக்கிப் பாக்கட்டா?"

உள்ளே நெருப்புப் பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மூடியைத் தூக்கினால் காற்றுப் புகும், நெருப்பு மேலே பாயும், தூக்குகிறவனின் முகத்துக்குத்தான் முதலில் பாயும். அவன் இறங்கினால் உயிரோடு இருப்பான். கூட்டையும் பார்ப்பான், வெல்டிங்கையும் பார்ப்பான். என் கைக் கதையும் தெரிந்தவன்.

"தூக்கிப் பார்" என்றேன். அமைதியாகத்தான் சொன்னேன். முதல் ஓட்டத்தில் செய்ய வேண்டிய முறையும் அதுதானே.

முந்தி நீங்கள் விசாரித்தபோது, இறங்கச் சொன்னேன் என்று உங்களிடம் சொன்னது பொய். மூடியைத் தூக்கியதும் நெருப்புப் பாய்ந்ததாம், திவாகரன் குதித்துத் தப்பினான். வாவியில் வலை போட்டுக்கொண்டு நின்றவர்கள் தோணியை விட்டுவிட்டு ஓடிவந்து மதுஷனை இழுத்தெடுத்தார்களாம். முகமும் இரண்டு கையும் எரிந்துவிட்டன. அந்தக் கை இனி வேலைக்கு உதவாதாம். வதனி அவனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கடவுளைக் கும்பிட்டாளாம்.

பயம் மனிதனை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நான் கெட்டவன் இல்லை. மனச்சாட்சி உறுத்தியதால், ஒருவரும் கூப்பிடாமல் நானாக வந்து சொல்கிறேன். அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள், நானாக வந்தேன் என்று.

இன்றைக்கு விடியற்காலை வதனி ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தாள். தம்பி கண் விழித்துவிட்டான் என்றாள். வேறொன்றும் சொல்லாமல் அழுதுகொண்டு வைத்துவிட்டாள். அவன் பேசினானா ஐயா?