ஒன்பது வோல்ட் அடாப்டர்

புகைந்துபோன கிடார் பெடலை முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும், ஐயா. காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற சின்னப் பெட்டிதான். உள்ளே டயோடு கருகினால் ஒரு வாசனை, ஐ.சி. போனால் வேறு வாசனை. சந்தேப்பேட்டையில் பதினெட்டு வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் மூக்கு தப்பியதில்லை.

கிடார் வாசிக்கும் ஸாத்விக் கொண்டுவந்ததில் டயோடு மட்டும்தான் போயிருந்தது.

"வேற அடாப்டர் சொருகிட்டேன்ணா, ஒரே ஹொகெ, புகையா வந்துச்சு. சொல்ப பாருங்கண்ணா" என்று அந்த அடாப்டரையும் மேசையில் வைத்தான். பெடலுக்கு நடு ஊசியில் நெகட்டிவ் வர வேண்டும், இதில் பாசிட்டிவ். கீபோர்டுக்கானது. வயரில் பச்சை டேப். அதைச் சுற்றியவன் நான். கீபோர்டு என் மனைவி ஸுஷ்மாவுடையது.

"யாருது இது?"

"ஃப்ரெண்டுதுண்ணா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் என்னோடு இருந்தது.

வீட்டில் அவளிடம் கேட்டேன். "இங்கதான் எங்கயாவது இருக்கும்ரீ. இப்ப எதுக்கு அது?" என்றாள். கரண்டியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். ஏன் போக வேண்டும்? நான் கை ஓங்கியதே இல்லை. அவளிடம் கீபோர்டு படிக்க வந்த இரண்டு பையன்களை நிறுத்தியதுகூடத் தன்மையாகப் பேசித்தான். நீயும் வாசித்தது போதும் என்றேன், விட்டுவிட்டாள். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டயோடை மாற்றினேன். அரைமணி வேலை. மறுபடி மாற்றிச் சொருகக் கூடாதே என்று நானே ஓர் அடாப்டர் செய்து, ‘9 வோல்ட்’ என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். உள்ளே என்ன செய்தேன் என்பதை உங்கள் தடயவியல் நிபுணர் எழுதியிருப்பார்.

"உங்க மாதிரி யாருண்ணா செய்வாங்க" என்றான்.

ஞாயிறு காலை ஜெயலக்ஷ்மிபுரத்து மாடியில் ஸாத்விக்கின் இசைக்குழுவுக்கு ஒத்திகை. ஸுஷ்மா பூ வாங்க மார்க்கெட் போவதாகச் சொல்லியிருந்தாள். ஐந்து மாதமாக அந்தக் குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறாளாம். வேறெதுவும் இல்லை என்கிறான் டிரம்ஸ் வாசிக்கும் பாலன். அவனுக்கு என்ன தெரியும்.

ஸாத்விக்கைக் கொல்ல நினைத்தேன், கொன்றேன். அதில் மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸுஷ்மாவை நான் கொல்லவில்லை. கரண்ட் பிடித்தவரைத் தொடாதே, முதலில் மெயினை அணை என்று கல்யாணமான வாரமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரிந்திருந்தும், கிடார் கம்பியில் கரண்ட் பிடித்து நின்றவனை இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறாள்.

வெறும் சந்தேகம் என்று எழுதுகிறீர்களே, ஐயா. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?