மேனேஜிங் பார்ட்னர் சபுரா

ஹலோ… ஹலோ, கேக்குதா?… ஆமா, சபுராதான் பேசுதேன். என் போன வேற யாரு எடுப்பா?… வந்துருக்கு, வந்துருக்கு. ஓடிபி ஆறு நம்பரும் வந்துருக்கு, கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்… ஆமா… ஆமா… சொல்ல மாட்டேன்.

சொல்ல மாட்டேன்னேன். ஒரு தடவ சொன்னா ஒங் காதுல ஏறாதா இஜாஸு?

… கடைசி நாளுன்னு எனக்கும் தெரியும். கம்பெனிக்கு இன்கம்டாக்ஸ் ரிட்டன் போட்டு முப்பது நாளைக்குள்ள இந்த நம்பர அடிச்சு உறுதி பண்ணணும். இல்லன்னா ரிட்டனே போடாத மாதிரி… தெரியும்ப்பா… யாரு சொன்னாவளா? மாட்டுங்கால ஆடிட்டர் ஷ்ருதி மேடம். காலையிலயே போயிட்டு வந்துட்டேன்… ஏன், ஒங்கிட்டக் கேட்டுட்டுத்தான் நான் ட்ரெயின் ஏறணுமா?

கத்தாத. மிஷின் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. வெளிய வந்து பேசு.

ம்… சரி. பரீஹாவுக்கு ஸ்காலர்ஷிப் கெடைக்கல, தெரியுமா?… ஒனக்கு எப்படித் தெரியும்! குர்லா காலேஜ்ல அவ கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வந்துட்டு. எம் பிள்ளைக்கு மட்டும் பாரம் திரும்பி வந்துருக்கு. ஏன்னா அவ உம்மாவுக்கு வருசம் நாலு லட்சத்து இருபதாயிரம் சம்பளமாம். எனக்கு! நம்ம தோல் பேக் கம்பெனியில நான் வேல பாக்கேனாம்!… இரு, இரு, நான் பேசி முடிச்சுக்கிடுதேன். மாசம் நீ எனக்கு எவ்வளவு குடுக்க? ஒன் வாயாலயே சொல்லு… எட்டாயிரம். ரேஷனுக்கும் கரண்டுக்குமே பத்தல. கணக்குல எவ்வளவு எழுதியிருக்க? முப்பத்தஞ்சாயிரம்.

… வெறும் பேப்பரா? அந்தப் பேப்பரத்தான சர்க்கார் நம்புது! லாபம் கம்பெனி பேர்ல நின்னா நூத்துக்கு முப்பது ரூபா வரி. எனக்குச் சம்பளம்னு காட்டிட்டா வரியே கெடையாது. மேடம் புட்டுப் புட்டு வச்சிட்டாவ… எல்லாருமா செய்யுதாங்க? செய்யட்டும். காட்டுன காச அந்தப் பொம்பள கையில குடுத்துட்டுச் செய்யட்டும்.

… ஆமா, கையெழுத்துப் போட்டேன். இல்லங்கல. அப்ப ஒங்க அண்ணன் மவுத்தாகி நாப்பது நாள் கூட ஆகல. வெளிய தலைகாட்டாம இத்தா இருந்த நேரம். நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு பேப்பர நீட்டுன. எங்க போடணும்னுதான் கேட்டேன், எதுக்குன்னு கேக்கல. அது என் புத்தி. ஆனா நீ என்ன செஞ்ச? புதுசா பத்திரம் எழுத வக்கீலு காசு கூடக் கேட்டாருன்னு, பழைய பத்திரத்துல ஒங்க அண்ணன் பேரு காசிம்னு இருந்த எடத்துல எல்லாம் சபுரான்னு அடிக்கச் சொல்லிட்ட! மேனேஜிங் பார்ட்னர் சபுரா. வேல பாக்குற பார்ட்னர் சபுரா. ரிட்டன்ல கையெழுத்துப் போடுதது சபுரா… நான் ஒண்ணும் சிரிக்கல.

… என்னது? என்னைய எடுத்துருவியா? எடு. எடேன் பாப்போம்! கூட்டுல இருக்கது நீயும் நானும், ரெண்டே பேரு. ஒருத்தர் போனா கூட்டே கெடையாது. பேங்கு லோன், ஜிஎஸ்டி, ஒர்க்‌ஷாப் அக்ரிமென்ட், எல்லாம் அந்தக் கூட்டு பேர்லதான் நிக்கி.

… மயினியா? இப்பத்தான் மயினின்னு வாயில வருதோ? இம்புட்டு நேரம் ‘ஏ பொம்பள’ன்னுல்லா சொன்ன.

கேளு. ஒண்ணு, எட்டாயிரந்தான் குடுத்தேன்னு கணக்கத் திருத்திப் போடு. வரியக் கட்டு. அந்தப் பேப்பர காலேஜுல குடுத்து நான் மல்லுக்கட்டிக்கிடுதேன்… ஒரு லட்சம் வருமா? வரட்டும், கட்டு… முடியாதுல்லா? அப்ப எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். மாசம் முப்பத்தஞ்சாயிரம், என் பேங்குல போட்டுரு. பிள்ளைக்கு நானே பீஸ் கட்டிக்கிடுதேன்.

… வேல பாக்காதவளுக்கு எதுக்குச் சம்பளமா? யா அல்லா, இத நீயே சொல்லுத! இன்கம்டாக்ஸ் ஆபீசருக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லேன். வேல பாக்காத பார்ட்னருக்குச் சம்பளம் எழுதுனா செல்லாதாம், தெரியும்லா?… சரி, பாக்கேன். வேல பாக்கேன். நாளைக்கு எதுக்கு, இப்பவே வாரேன்… நெசமாத்தான். புர்கா மாட்டியாச்சு. தொண்ணூறடி ரோட்டத் தாண்டுனா பத்து நிமிசம். அந்த நம்பர அங்க வந்து நானே அடிக்கேன்.

… என்ன வேலையா? எனக்குத் தைக்கவும் வராது, தோலு வெட்டவும் வராது. மேனேஜிங் பார்ட்னரு என்ன பாப்பாவ? கணக்குப் புஸ்தகம் பாப்பாவ. ஒங்க அண்ணன் மவுத்தான நாள்ல இருந்து உள்ளத எல்லாம் எடுத்து மேசையில வை… எல்லாம் ஒர்க்‌ஷாப்புலயே இருக்கா? நல்லதாப் போச்சு.

… இன்னைக்கு வேண்டாமா? ஏன்?… யாருகிட்ட இருக்கு?… இப்பத்தான ஒர்க்‌ஷாப்புலயே இருக்குன்ன?… ஏல, அதுல அப்படி என்னல எழுதி வச்சிருக்க?…

ஹலோ?… இஜாஸு?… ஹலோ?…