கடைசி ஆள் வரும் வரைக்கும்

— உக்காராதீங்கன்னு சொன்னாக் கேக்கணும், பிரேமலதா. உக்காந்துட்டா காலு, இன்னைக்கு ஷிப்டு முடிஞ்சுட்டுன்னு நெனச்சிக்கிடும்.

— கொப்புளம் ஒடைஞ்சிருக்கு, மணிராஜ் அண்ணாச்சி. சாக்ஸை மட்டும் மாத்திக்கிடுதேன்.

— மாத்துங்க. அதுக்குள்ள நான் இந்த ரிப்பனை அவுத்துருதேன். வழி காட்டக் கட்டினது. நமக்குப் பின்னால ஆளு இல்ல, உடைமரத்து முள்ளுக்கு எதுக்கு ரிப்பனு.

— பந்தயத்துல ஓடுத அறுபத்தி மூணு பேர்ல நான்தான் கடைசியா?

— நீங்கதான் கடைசி. உங்களுக்கும் பின்னால நான். ஆனா என்னைக் கணக்குல சேக்க மாட்டாக. கடைசி ஆளு கூட நடந்து வாரதுதான் என் வேலை.

— இன்னும் எம்புட்டுத் தூரம்?

— நாலு கிலோமீட்டர். அறுபத்தாறை முடிச்சிட்டு நாலுக்குப் பயப்படலாமா. அந்தா தெரியுதே தண்ணி டேங்க், அதுக்குப் பக்கத்துலதான் தீப்பெட்டி ஆபீஸ். அந்தக் களத்துலதான் முடிவு, அங்கனதான் சோறு.

— முன்னால போனவிய எல்லாம் சாப்பிட்டிருப்பாகளே.

— ஒருத்தர் வாயிலயும் ஒரு பருக்கை போயிருக்காது. சுடலைமணி பன்னெண்டு மணிக்கே மொத ஆளாப் போய்ச் சேந்துட்டான். அஞ்சு மணி நேரமா வெறும் எலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். வேகமா ஓடினதுக்கு அவனுக்குக் கெடச்ச பரிசு அதான்.

— வீட்டுக்குப் போயிற மாட்டாகளா?

— மாட்டாக. கடைசி ஆளு வந்து நிக்கணும். எல்லாரையும் தலையைத் தொட்டு எண்ணணும். அப்புறந்தான் சோறு.

— அப்ப என்னால அறுபத்தி ரெண்டு பேரு பட்டினி.

— முடியலன்னா ஏத்திக்கிட வேன் நிக்குது. நீங்க ஏறிட்டா பத்து நிமிசத்துல பந்தி.

— வேண்டாம். நடந்துதான் வருவேன்.

— நல்லது. நானும் ஏறச் சொல்லல. கேக்கணும்னு சட்டம், கேட்டேன். ம், எந்திரிங்க. கரிசக்காட்டு வெடிப்பைப் பாத்துக் காலை வைங்க. சிலதுக்குள்ள ஆட்டுக்குட்டி விழுந்தாத் தேடி எடுக்க முடியாது.

— தலையை எண்ணுத வழக்கம் எப்பமிருந்து அண்ணாச்சி?

— ரெண்டு வருசமா.

— அதுக்கு முன்னால?

— ஓடி முடிச்சவன் தின்னுட்டுப் போவான். பாதியில முடியாமப் போனவன் மெயின் ரோட்டுல ஏறி, வார பஸ்ஸை மறிச்சு ஊருக்குப் போயிருவான். சொல்லிட்டுப் போக வெக்கம் பாருங்க. தோத்தவன் நைசா நழுவுததை நாங்களும் கண்டுக்கிட மாட்டோம். அதையும் ஒரு மரியாதைன்னு நெனச்சிருந்தோம்.

— அப்புறம் என்ன ஆச்சு? நான் அரைகுறையாக் கேள்விப்பட்டதுதான். உங்க வாயால சொல்லுங்க.

— கடற்கரைன்னு ஒருத்தரு. பேரு நோட்டு எங்கிட்ட இருந்துது. பொழுது அடஞ்சிட்டு, அவரு பேரு மட்டும் பாக்கி. அவரு போனு சுவிட்ச் ஆப். எல்லாரும் பசியில கெடந்தாக. பஸ் ஏறிப் போயிருப்பாருன்னு பேரை அடிச்சிட்டேன். ஒத்தக் கோடு. சாப்பிட்டோம். மறுநாக் காலைல ஆடு பத்திட்டுப் போனவிய பாத்திருக்காக. வெடிப்புல காலு மாட்டி, எலும்பு முறிஞ்சு, ராவெல்லாம் தண்ணி இல்லாமக் கெடந்திருக்காரு. மூணாம் நாளு ஆஸ்பத்திரில முடிஞ்சுட்டு.

— துட்டி கேக்க அவரு வீட்டுக்குப் போனீங்களா?

— தெருமுனை வரைக்கும் போனேன். அங்கிட்டு காலு வரல. எழுபது கிலோமீட்டர் ஓடுத காலு, இருபது எட்டு வைக்க மாட்டேன்னுட்டு.

— மத்தவிய என்ன சொன்னாக?

— நோட்டை மட்டும் வாங்கிக்கிட்டாக. ரெண்டு ஏச்சு ஏசியிருந்தாத் தேவலை. எங்கூட ஓடின செல்வக்குமாரு இன்னைக்கு வரைக்கும் என் பக்கத்துல எலை போட்டு உக்காருததில்ல. அதனால நான் பரிமாறப் போயிருதேன். பசிக்கிற நேரத்துல பரிமாறுதவனை எவனும் வெறுக்க மாட்டான், பாத்துக்கோங்க.

— பேரை அடிக்கிறதுக்கு முன்னால, அவரு வீட்டுக்குப் போன் போட்டுக் கேக்கலியா?

— கேக்கல.

— எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொன்னீங்களா?

— நடந்ததைத்தான சொல்ல முடியும். நடங்க, பொழுது சாயுது.

— நான் புதியம்புத்தூர்ல சட்டை தைக்கேன் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். பந்தயத்தன்னைக்கு லீவு இல்லன்னுட்டாக. காய்ச்சல்னு சொல்லிட்டு ஓட வந்தாரு. யாரு போன் பண்ணினாலும் வீட்டுல படுத்திருக்கேன்னு சொல்லிருன்னாரு.

— யாரு உங்க வீட்டுக்காரரு?

— நில்லாதீங்க, நடங்க. கடற்கரைதான். அன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்குப் புது நம்பர்ல இருந்து போன் வந்துது. ஓனரு ஆளு விட்டு வேவு பாக்காருன்னு நெனச்சேன். வீட்டுலதான் இருக்காரு, அசந்து தூங்குதாருன்னு சொல்லி வெச்சிட்டேன். ஏமாத்திட்டேன்னு சிரிச்சேன் வேற.

— தங்கச்சி.

— பெறவுதான் பாத்தேன். பந்தய நோட்டீசுல போட்டிருந்த உங்க நம்பரு. நீங்க சொல்லுவீங்க, ஊரு என்னை ஏசும்னு காத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு வருசமா ஒருத்தரும் ஏசல.

— சொல்லி என்ன ஆகப்போகுது. புருசனைப் பறிகுடுத்த பொம்பளை தலைல இதையும் தூக்கி வைக்கவா. எனக்குப் பழகிட்டு. அதை இந்தக் கரிசக்காட்டோட விட்டுருங்க. அங்கன வந்து வாயைத் தொறக்காதீங்க.

— மொதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னுதான் எல்லாரையும் முன்னால விட்டுட்டுக் கடைசியா வந்தேன், அண்ணாச்சி. அறுபத்தி ரெண்டு பேரும் சாப்பிடாமக் காத்திருக்காகள்ல, இருக்கட்டும். எலைல கை வைக்கிறதுக்கு முன்னால அவிய கேக்கணும், நீங்க போன் போட்டீங்க, எடுத்துப் பொய் சொன்னது நான்னு.