பூச்சிதான், சத்தியமா

திருவெள்ளறை பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“என் வயித்துல பூச்சி இருக்குன்னு டாக்டர் சொல்றாரு, நீ என்னடி சிரிக்கிற?”

“சிரிக்காம? குடல்ல கேன்சர்னு சொன்னா ஊரே வந்து உக்காந்து அழும்னு, வெறும் பூச்சின்னு நாமதானே சொல்லி வச்சோம்? இப்ப நெசமாவே இருக்காம்ல!”

“எல்லாம் உன் வாய் முகூர்த்தம்.”

“கீமோ நடக்கறப்ப பூச்சிய விட்டு வைக்கக் கூடாதாம். மாத்திரை குடுத்திருக்காரு. தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கணுமாம்.”

அந்த அம்மாளின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் நாத்தனார் குரல் பஸ்ஸுக்கே கேட்டது.

“அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அண்ணனுக்கு வெறும் பூச்சிதானா? பெருமாள் மேல சத்தியம் பண்ணுங்க பாப்போம்.”

“பெருமாள் மேல சத்தியமா பூச்சி இருக்கும்மா. டாக்டரே சொல்லிட்டாரு.”

“அப்பாடா! இப்பதான் உசுரே வந்துச்சு.”

போனை வைத்ததும் கணவர் பையைத் துழாவினார்.

“அந்தப் பூச்சி மாத்திரைய எங்க வச்ச? வீட்டுக்குப் போனதும் போட்டுக்கறேன்.”

“நாளைக்குப் போட்டுக்கலாங்க. உங்க அக்கா இன்னும் போன் பண்ணல.”